உறிஞ்சும் வலை அல்ல, கரையும் வலை

சித்தப்பாவுக்கு இரைப்பை உதரவிதானத் துளை வழியே நெஞ்சுக்குள் ஏறிக்கொள்ளும் ஹெர்னியா. அறுவையில் அந்தத் துளையைத் தைத்துச் சிறிதாக்கி, தையலுக்குப் பலமாக ஒரு வலையும் வைப்பதுண்டு. அறுவைக்கு முன் தந்த விளக்கத்தாளைப் படித்துவிட்டு, "அப்போ எதுக்களிச்சு வர்ற அமிலத்தை எல்லாம் இந்த வலை உறிஞ்சிக்கும், இல்லையா?" என்று கேட்டார். தாளில் 'உறிஞ்சும் வலை' என்று இருந்தது. அவர்மேல் என்ன தப்பு? பஞ்சு உறிஞ்சும், மண் உறிஞ்சும், வலையும் உறிஞ்சும்போல!

ஆங்கிலத்தில் அது 'அப்சார்பபிள் மெஷ்'. லத்தீன் 'சொர்பெரே' என்றால் உறிஞ்சுதல். வினை சரி, எழுவாய்தான் தவறு. உறிஞ்சுவது உடல், வலை அல்ல.

மொழிபெயர்க்கும் நண்பரிடம் சொன்னேன். 'குடிக்கும் தண்ணீர்' என்கிறோமே, தண்ணீரா குடிக்கிறது என்று மடக்கினார். பெயரெச்சம் இரண்டு பக்கமும் போகும், உண்மைதான். ஆனால் தண்ணீர் எதையும் குடிக்காது என்பது குழந்தைக்கும் தெரியும். வலை எதையும் உறிஞ்சாது என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? சரி, 'உறிஞ்சப்படும் வலை' என்றார். இலக்கணம் தேறுகிறது, வாயில் நுழையவில்லை. அப்புறம் 'உட்கிரகிக்கத்தக்க வலை' என்றார். பேச்சை மாற்றிவிட்டேன்.

'கரையும் தையல்' என்று எல்லோரும் சொல்கிறோம். அதே வழியில் 'கரையும் வலை' போதும். உப்பு கரைவதுபோல் இல்லையே என்பார்கள். இந்த இழைகளை அறுப்பதும் பெரும்பாலும் உடலிலுள்ள நீர்தான், மெதுவாக. பாலிகிளைகாலிக் அமிலம் என்ற செயற்கை இழை வகைக்குச் சுமார் 6 மாதம், பி4எச்பி என்ற இன்னொரு இழை வகைக்கு 12 முதல் 18 மாதம்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வலை கரையாது. தொடையிடுக்கு ஹெர்னியாவில் அது நல்லது. உதரவிதானத் துளையிலோ பக்கத்திலேயே உணவுக்குழாய் மூச்சுக்கு மூச்சு அசைகிறது. கரையாத வலை சில சமயம் அதன் சுவரை அரித்து உள்ளே போய்விடும். அதனால்தான் கரையும் வலை. அது கரைந்தபின் பிடிமானம் நிற்குமா என்பது அடுத்த கேள்வி. பன்றிச் சிறுகுடல் படலத்தால் ஆன வலையை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், 6 மாதத்தில் ஹெர்னியா திரும்பியது வலை வைத்தவர்களில் 9 விழுக்காடு, வெறும் தையல் போட்டவர்களில் 24. சுமார் 5 ஆண்டு கழித்துப் பார்த்தால் 54, 59. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். வலையே வேண்டாம் என்று சில அறுவை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். 'உறிஞ்சும்' என்று படித்தவர் இதையெல்லாம் எங்கே கேட்கப்போகிறார்?

அதே தாளில் நோயின் பெயர் 'குடலிறக்கம்'. இங்கே நகர்வது பெரும்பாலும் குடலும் அல்ல, அது இறங்கவும் இல்லை. இரைப்பை ஏறுகிறது! 'இரைப்பைப் பிதுக்கம்' என்றால் யார் தடுக்கிறார்கள்?

சித்தப்பா பேனா வாங்கி 'உறிஞ்சும்' என்பதை அடித்து 'கரையும்' என்று எழுதினார். பக்கத்தைத் திருப்பினார். அங்கே 'உயிரி வலை'.

"இது உள்ளே உயிரோட இருக்குமாடா?"