காய்க்குப் பதில் மாத்திரையா?

காய்க்குப் பதில் சத்து மாத்திரையை நம்பி என்னிடம் வைத்தியத்துக்கு வருபவர்களில், இந்த மாதத்தில் இது நான்காவது ஆள். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா, சர்க்கரை நோயாளி. மூன்று மாதமாக மலச்சிக்கல், மூலம் வேறு. சர்க்கரையும் எகிறியிருந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "காய் விற்கிற விலைக்கு எல்லாருக்கும் எங்கே வாங்குறது? பிள்ளைங்களுக்கு மட்டும் சமைச்சுடுவேன். எனக்குத்தான் இது இருக்கே" என்று கைப்பையிலிருந்து சத்து மாத்திரை டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் விலையைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். ஒரு மாத்திரையின் மொத்த எடையே ஒன்றரை கிராம் தேறாது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய நார்ச்சத்து மட்டும் 25 கிராம். அது எந்த டப்பாவுக்குள் அடங்கும்? பொட்டாசியமும் அதில் பெயருக்குத்தான் இருக்கும். இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: தட்டிலிருந்து காய் போனால் அந்த இடம் காலியாக இருக்காது, மாவுச்சத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த அம்மாவின் சர்க்கரை ஏறிய கதை அதுதான். கர்ப்பிணிக்கு ஃபோலிக் அமிலம், குறைபாடு உள்ளவருக்கு பி12 என்று நானும் மாத்திரை எழுதுகிறேன். அது வேறு விஷயம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 400 கிராம் காய்கனி. உருளைக்கிழங்கு இதில் சேராது (இதைச் சொன்னால் எல்லோரும் என்னை முறைக்கிறார்கள்). அந்த 400 கிராமும் விலையுயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? விலை ஏறுவது வரத்து குறைவதால்; சத்து கூடியதால் யாரும் விலையை ஏற்றுவதில்லை. 100 கிராம் ஆரஞ்சில் வைட்டமின் சி சுமார் 50 மில்லிகிராம் என்றால், சமைக்காத முட்டைக்கோஸில் 36 இருக்கிறது. உறைய வைத்த காயையும் ஒதுக்காதீர்கள். பறித்த சூட்டிலேயே உறைய வைப்பதால், நாலு நாள் வாடிய கீரையைவிட அதில் சத்து அதிகமாகவே இருக்கலாம். டப்பாவில் அடைத்த காய் என்றால் உப்புத் தண்ணீரை வடித்து அலசிவிடுங்கள்.

விலையைத் திட்டும் வீடுகளில்தான் குளிர்பெட்டியில் காய் அழுகுகிறது! மலிவு என்று அள்ளி வராதீர்கள். முதலில் கீரையைச் சமையுங்கள். முட்டைக்கோஸும் பூசணியும் காத்திருக்கும். பழுத்த வாழை, ஆப்பிள் பக்கத்தில் கீரையை வைத்தால் சீக்கிரம் மஞ்சளாகும். பீட்ரூட் இலையும் கீரைதான், வீசாதீர்கள். வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுபவர்கள் மட்டும் கீரை விஷயத்தில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். காய் வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள் என்பேன். ஆனால் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டிய சிறுநீரக நோயாளிகளை நாங்களே கொட்டச் சொல்வதுண்டு. அவர்கள் என்னைக் கேட்க வேண்டாம், தங்கள் மருத்துவர் சொன்னபடி செய்யட்டும். அடிபட்ட பழத்தை வெட்டி அன்றே சாப்பிடலாம். பூசணம் பூத்த மென்மையான பழம் குப்பைக்குத்தான், காசு போனாலும்.

அந்த அம்மாவை மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். ஒரே நிபந்தனை: பிள்ளைகளுக்குப் பரிமாறும்போதே தன் தட்டிலும் காயைப் போட்டுவிட வேண்டும். "மிச்சம் இருந்தா எனக்கு" என்ற பேச்சே கூடாது.