அதே தாள்தான், மடித்ததும் எப்படித் தாங்குகிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் குடும்பங்களுக்காக ஒரு செய்முறை இரவு நடத்தினோம். அப்பா, அம்மா, பாட்டி, பிள்ளைகள் என்று வீட்டோடு வந்து உட்கார்ந்து, கையால் எதையாவது கட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. வந்திருந்த ஒரு தாய் மறுநாள் எனக்கு எழுதியிருந்தார்:

"சார், நேத்து என் பொண்ணு ஒரே ஒரு தாளை மடிச்சு ரெண்டு செங்கல்லு மேல பாலமா வெச்சா. அது கணக்கு நோட்டையே தாங்கிடுச்சு. மடிக்காத தாள் ஒரு பென்சிலுக்கே தொங்கிப் போச்சு. தாள் ஒண்ணுதானே? புதுசா எதையும் சேர்க்கலையே? அப்புறம் அந்த பலம் எங்கேர்ந்து வந்துச்சு?"

அந்த இரவால் எனக்குக் கிடைத்த பரிசு இந்தக் கேள்விதான். அன்றைக்கே கேட்டிருந்தால் அவசரமாக ஏதோ சொல்லியிருப்பேன். எழுதிக் கேட்டதால் நிதானமாகச் சொல்ல முடிகிறது.

முதலில் வராதவர்களுக்காக விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏ4 தாள். சாதாரண ஜெராக்ஸ் தாள்தான், 5 கிராம் எடை இருக்கும். 20 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு செங்கல். தாளால் பாலம் போட்டு, அதன்மேல் ஒரு டம்ளரை வைத்து, ஒவ்வொன்றாக ஜல்லிக்கல் போட வேண்டும். பசை, டேப் எதுவும் கிடையாது. முதல் கால் மணி நேரம் பெரியவர்கள் தாளைத் தொடக் கூடாது என்று ஒரு விதி வைத்தோம். பிள்ளை கையில் இருந்து பிடுங்கிச் சரிசெய்யத் துடிக்கும் அப்பாக்களுக்கு அந்தக் கால் மணி நேரம் பெரிய சோதனை. ஆனால் அதற்குள் பிள்ளைகள் நாலைந்து முறை தோற்றுவிடுவார்கள். அந்தத் தோல்விகள் இல்லாமல் இந்த விளையாட்டில் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை.

சரி, கேள்விக்கு வருவோம்.

பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்து, அதன் பக்கவாட்டில் ஸ்கெட்ச் பேனாவால் மேலிருந்து கீழாக வரிசையாகக் கோடுகள் போடுங்கள். இப்போது இரு முனைகளையும் பிடித்து, நடுப்பகுதி கீழே தொங்குகிற மாதிரி வளையுங்கள். கோடுகளின் மேல்நுனிகள் ஒன்றையொன்று நெருங்கும். கீழ்நுனிகள் விலகும். மேல்பக்கம் அமுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது என்று அர்த்தம். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் மாறவே மாறாது. அந்த அடுக்கு அமுங்கவும் இல்லை, இழுபடவும் இல்லை. அதை நடு அடுக்கு என்று வைத்துக்கொள்வோம்.

இந்த நடு அடுக்கு கலிலியோவுக்கே பிடிபடவில்லை. 1638இல் வெளிவந்த நூலில் உத்திரங்கள் எப்படி ஒடிகின்றன என்று அவர் கணக்குப் போட்டார். ஒரு பட்டையான மரச்சட்டத்தைப் படுக்க வைப்பதைவிட நிமிர்த்தி வைத்தால் ஒடிப்பது கடினம் என்பதைச் சரியாகச் சொன்னார். ஆனால் சுவரில் சொருகிய உத்திரம் தன் அடிவிளிம்பைக் கீலாக வைத்துத் திரும்புகிறது, மற்றதெல்லாம் இழுபடுகிறது என்றே நினைத்தார். ஒரு பாதி இழுபடும்போது மறுபாதி அமுங்கியாக வேண்டும் என்பதைத் தெளிவாக வைத்துக் கணக்குப் போட, 1773இல் பிரான்ஸின் கூலூம் வர வேண்டியிருந்தது. மின்னூட்ட அலகுக்குப் பெயர் தந்தாரே, அதே கூலூம்தான். அவ்வளவு பெரிய மூளைகளுக்கு நூறு வருடத்துக்கு மேல் பிடித்த விஷயம் நம் வீட்டு ஸ்பாஞ்சில் ஒரு நொடியில் தெரிகிறது. எனக்கு இது அலுப்பதே இல்லை.

இப்போது ஒவ்வொரு அடுக்கும் வளைவை எவ்வளவு எதிர்க்கிறது என்று பாருங்கள். நடுவில் இருக்கும் அடுக்கு நீளவும் இல்லை, குறுகவும் இல்லை. ஆகவே அது எதிர்க்கவும் இல்லை, சும்மா இருக்கிறது. நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக நீட்சி கூடுகிறது. இரண்டு மடங்கு தள்ளியிருக்கும் அடுக்கு இரண்டு மடங்கு நீள வேண்டும், அதனால் இரண்டு மடங்கு விசையோடு எதிர்க்கும். இது முதல் லாபம். இரண்டாவது லாபமும் உண்டு. கதவைக் கீல் பக்கம் தள்ளுவதைவிடப் பிடி பக்கம் தள்ளுவது சுலபம் அல்லவா? அதேபோல நடுவிலிருந்து தள்ளியிருக்கும் அடுக்கின் விசைக்கு நெம்பும் தூரமும் அதிகம். தூரம் இரண்டு மடங்கானால் நெம்புதலும் இரண்டு மடங்கு. ஆக இரண்டு மடங்கு தூரத்தில் உள்ள அடுக்கு இரண்டை இரண்டால் பெருக்கி நான்கு மடங்கு எதிர்க்கிறது. பத்து மடங்கு தூரம் என்றால் நூறு மடங்கு. ஒரே தூரம் இரண்டு வழியில் உதவுகிறது. பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

நம்பாதவர்கள் பிள்ளையின் பென்சில் பாக்ஸில் இருக்கும் ஸ்கேலை எடுங்கள். 3 சென்டிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். தட்டையாகப் பிடித்து வளைத்தால் வில்லாக வளையும். விளிம்பு மேலே வரும்படி நிமிர்த்தி, அதே மாதிரி மேலிருந்து கீழே அழுத்துங்கள். அசையாது. 30ஐ 2ஆல் வகுத்தால் 15. 15ஐ 15ஆல் பெருக்கினால் 225. அதே பிளாஸ்டிக், அதே எடை, விறைப்பு மட்டும் 225 மடங்கு. தச்சர்கள் கூரைச் சட்டத்தை ஒருபோதும் படுக்கப்போடாமல் நிமிர்த்தியே பதிப்பது இதனால்தான்.

இனி தாளுக்கு வருவோம். ஜெராக்ஸ் தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அதற்குள்தான் அமுங்கும் பாதி, இழுபடும் பாதி எல்லாம். நடு அடுக்கிலிருந்து தள்ளி நிற்க இடமே இல்லை, அதனால்தான் பென்சிலுக்கே தொங்குகிறது. அந்தப் பெண் என்ன செய்தாள்? ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக மடித்தாள். இப்போது தாளின் ஒரு பகுதி மடிப்பின் உச்சியில் இருக்கிறது, இன்னொரு பகுதி அடியில் இருக்கிறது. மடிப்பின் உயரம் தாளின் தடிமனைப் போல 100 மடங்கு. 100ஐ 100ஆல் பெருக்கினால் பத்தாயிரம். மடிப்பு குலையாமல் நிற்கும்வரை அந்தத் தாள் பழைய தாளைவிடப் பத்தாயிரம் மடங்கு விறைப்பானது. புதிதாக எதையும் சேர்க்கவில்லை என்று அந்தத் தாய் எழுதியது முழுக்க உண்மை. இருந்த தாளையே நடுவிலிருந்து தள்ளி வைத்தாள் அவர் மகள்.

பனையோலை இயற்கையாகவே இப்படி மடிந்து வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். தகரக் கூரையில் இருக்கும் நெளிவுக்கும் இதுதான் காரணம்.

ஒரு விஷயம் முக்கியம். மடிப்புகள் இந்தச் செங்கல்லிலிருந்து அந்தச் செங்கல்லுக்கு ஓட வேண்டும். அன்று பாதிப் பிள்ளைகள் குறுக்கே மடித்தார்கள். அப்படி வைத்தால் மடிப்புக் கோடுகளே கீல்களாகிவிடும், தாள் அக்கார்டியன் மாதிரி விரிந்து விழும். யாரும் சொல்லித் தராமல் மூன்றாவது முயற்சியில் ஒரு பையன் தாளைத் திருப்பி வைத்தான். அவன் பாட்டி கை தட்டியது பக்கத்து வகுப்பறை வரை கேட்டது.

மடித்த தாளும் ஒரு கட்டத்தில் விழத்தான் செய்யும். எப்படி விழுகிறது என்று குனிந்து பார்க்கச் சொன்னோம். அநேகமாக எந்தத் தாளும் கிழிவதில்லை. மடிப்புகள் பக்கவாட்டில் விரிந்து, உயரம் குறைந்து, மறுபடி தட்டைத் தாளாகிவிடுகிறது. உயரம் போனால் விறைப்பும் போயிற்று. இரண்டாம் சுற்றில் பசை கொடுத்து, மேலும் கீழும் ஒவ்வொரு தாள் ஒட்டச் சொன்னோம். மடிப்புகளால் விரிய முடியவில்லை. ஜல்லி தீர்ந்துபோய் மைதானத்தில் பொறுக்கிவர ஓடினார்கள். கிருஷ்ணகிரி மாம்பழம் ஊர் ஊராகப் போகும் அட்டைப்பெட்டியின் ஓரத்தைப் பிய்த்துப் பாருங்கள், உள்ளே இதே நெளிதாள் இரண்டு தாள்களுக்கு நடுவில் ஒட்டியிருக்கும்.

அன்று என்னை வாயடைக்க வைத்தவர் ஒரு கிரானைட் பட்டறையில் வேலை செய்யும் தந்தை. நான் ஸ்கேலை நிமிர்த்திக் காட்டியபோது அவர் பின்னாலிருந்து சொன்னார்: "நாங்க ஸ்லாப்ப எப்பவும் நிறுத்தி வெச்சுத்தாங்க லாரியில ஏத்துவோம். படுக்கப் போட்டா ஒரு பள்ளத்துல எறங்கி ஏறுறதுக்குள்ள ஒடிஞ்சிடும்." 2 சென்டிமீட்டர் தடிமன், ஆறடி உயரம் உள்ள பலகை. கணக்குப் போட்டால், நிறுத்தி வைக்கும்போது விறைப்பு எட்டாயிரம் மடங்குக்கு மேல். அவர் கணக்குப் போட்டதில்லை. கையில் உடைந்த கல் சொல்லித் தந்திருக்கிறது.

கல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமுக்கினால் கிரானைட் பிரமாதமாகத் தாங்கும், இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்குவது கடினம். கொல்லைக்கு வேலி போட நட்ட கல்கம்பம், மேலிருந்து எவ்வளவு பாரம் ஏற்றினாலும் அசையாது. அதையே படுக்க வைத்து நடுவில் ஏறி நின்றால் அடிப்பக்கம் விரிசல் விட ஆரம்பிக்கும், ஏனென்றால் அடிப்பக்கம்தான் இழுபடுகிறது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் இருக்கும் இரும்புக்காலக் கல்திட்டைகளைப் போய்ப் பாருங்கள். பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு கனத்த மூடுகல். நிற்கும் கற்கள் நெருக்கமாக இருப்பதால் மூடுகல் தொங்குகிற தூரம் குறைவு. கல்லின் குணம் தெரிந்தவர்கள் கட்டியது அது.

கான்கிரீட்டும் இதே குணம்தான், அதனால்தான் உத்திரத்தின் அடிப்பக்கம் கம்பி வைக்கிறோம். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: சன்ஷேடு, பால்கனி இரண்டிலும் நிலைமை தலைகீழ். ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தொங்குவதால் அங்கே மேல்பக்கம்தான் இழுபடும். முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்துக் கம்பியைக் கீழே இறக்கிவிட்டால், நிறுத்தி மேலே தூக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாலம் என்றதும் ஒரு பாட்டி பேரனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "பாலம் நிக்கணும்னா பலி கேக்கும், அதான் புள்ள புடிக்கிறவன் வர்றான்" என்றார். நானும் சின்ன வயதில் இதைக் கேட்டுப் பயந்து, பாலம் கட்டும் இடத்தைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனவன். இந்தப் புரளி தீங்கில்லாத கதை அல்ல. இதனால் வழிப்போக்கர்கள் அடி வாங்குகிறார்கள், பிள்ளைகள் பயத்தோடு வளர்கிறார்கள். அந்தப் பாட்டியிடம் நான் வாதாடவில்லை. ஒரு தாளைக் கொடுத்தேன். அவர் மடித்து, பேரன் டம்ளர் வைத்து, பாலம் நின்றது. பாட்டி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட இரவுகளுக்கு ஆகும் செலவு ஒரு கட்டுத் தாள், கொஞ்சம் பசை, டீ, சுண்டல். நான் படித்த பள்ளியில் ஆய்வகம் இருந்தது, உடைந்தால் யார் கணக்குச் சொல்வது என்று பூட்டியே வைத்திருந்தார்கள். 2022இல் வந்த தமிழக அரசின் வானவில் மன்றம் திட்டம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளிடம் சோதனைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அது நல்ல மாற்றம். அதே மனதோடு பெற்றோரையும் மாலையில் பள்ளிக்குள் அழைக்க ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோப்பைக்கும் மேடைக்கும் பணம் கிடைத்துவிடுகிறது. தாளுக்கும் பசைக்கும் ஆசிரியர்தான் தன் பையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தாயின் கடிதத்தில் கடைசியாக இன்னொரு வரி இருந்தது. மகள் தாளைக் குழாயாகச் சுருட்டிப் பார்க்கப் போகிறாளாம், அது ஜெயிக்குமா என்று கேட்டிருந்தார். சுருட்டட்டும். குழாயில் தாள் முழுவதும் நடுவிலிருந்து தள்ளியே இருக்கும், நடுவில் காற்று மட்டும்தான். ஆனால் டம்ளர் அழுத்துகிற இடத்தில் குழாய் நசுங்கித் தட்டையாகப் பார்க்கும். அப்போது அவளை ஒரு மூங்கிலைப் பிளந்து பார்க்கச் சொல்லுங்கள். கணுவுக்குக் கணு உள்ளே குறுக்காக ஒரு தடுப்பு இருக்கும். அதேபோல வட்டமாக அட்டை வெட்டிக் குழாய்க்குள் ஒட்டிவிட்டு, மறுபடி ஜல்லி போடட்டும்.