மஞ்சள் புள்ளி காட்டிக்கொடுத்த போகிமான் கார்டுகள்

பழைய ஜப்பானிய போகிமான் கார்டு (கார்ட்டூன் உயிரினங்களின் படம் போட்ட, சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் விளையாட்டுச் சீட்டு) அசலா போலியா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா என ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெரும்பாலும் முடியும். கடைக்கு வரும் கார்டுகள் அச்சகத்தில் ஆஃப்செட் முறையில் அச்சானவை. நான்கு மைகளின் புள்ளிகளும் வெவ்வேறு கோணத்தில் விழுவதால், லென்ஸில் படம் குட்டிக் குட்டிப் பூ வட்டங்களாகத் தெரியும். கறுப்பு எழுத்து மட்டும் புள்ளியே இல்லாமல் அழுத்தமாக இருக்கும். ஸ்கேன் செய்து அடித்த போலியில் எழுத்தும் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். கிழித்துப் பார்க்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அசல் என்று தெரியவரும்போது கையில் கார்டு இருக்காது.

சரி, ஒப்பிட்டுப் பார்க்க அசலே இல்லாவிட்டால்? போகிமான் கார்டு ஜப்பானில் 1996 அக்டோபரில் வெளியானது. அதற்கு முன் விளையாடிச் சோதிக்கத் தயாரித்த மாதிரி கார்டுகள் என்று சில சந்தைக்கு வந்தன. தரச்சான்றும் வாங்கி, பெரிய விலைக்குப் போயின. பிரின்டரில் அடித்து வெட்டிய மாதிரிகள் என்பதால் பூ வட்டத்தைத் தேடிப் பயனில்லை. ஆனால் 2025 தொடக்கத்தில் சேகரிப்பாளர்கள் துருவிப் பார்த்தபோது, பல கார்டுகள் 2024இல் அச்சானவை என்று தெரிந்தது. சொன்னது பிரின்டரேதான்.

கலர் லேசர் பிரின்டர்கள் பல, தாள் முழுக்க மிகச் சிறிய மஞ்சள் புள்ளிகளைத் தூவிவிடும். வெள்ளைத் தாளில் மஞ்சள் கண்ணுக்கு எடுபடாது. நீல ஒளியில் பார்த்தால் கதை மாறும்: மஞ்சள் மை நீலத்தை விழுங்கிவிடும், தாள் திருப்பி அனுப்பும். அதனால் புள்ளிகள் கறுத்துத் தெரியும். ஸ்கேன் செய்த படத்தில் நீல நிறத்தை மட்டும் பிரித்தெடுத்தாலும் இதே பலன்தான்.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் டாக்குகலர் பிரின்டர் போடும் புள்ளிகளை 2005இல் படித்துவிட்டார்கள். 15 நெடுவரிசை, 8 கிடைவரிசை. நிமிடம், மணி, நாள், மாதம், ஆண்டு, பிரின்டரின் வரிசை எண் என ஒவ்வொன்றுக்கும் தனி இடம். ஒரு நெடுவரிசையில் மேலிருந்து கீழாக 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. 16இலும் 8இலும் புள்ளி இருந்தால் ஆண்டு 24. இதில் எனக்குப் பிடித்தது உச்சியில் உள்ள எட்டாவது இடம். எந்த நெடுவரிசையிலும் புள்ளிகள் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது விதி. 24க்கு இரண்டே புள்ளி, ஆகவே உச்சியில் மூன்றாவது ஒன்று சேரும். கிடைவரிசைக்கும் இதே விதி. ஒரு புள்ளி அழிந்துபோனால், கணக்கு உதைக்கும் இரு வரிசைகள் சந்திக்கும் இடம்தான் அது!

பிரின்டரை வாங்கியவரிடம் சொல்லாமலே இப்படி முத்திரை குத்துவது எனக்கு உடன்பாடில்லை. இன்னொன்று, புள்ளி இல்லை என்பதற்காகக் கார்டு அசலாகிவிடாது. இங்க்ஜெட்டில் அடித்தவற்றில் பொதுவாக இந்தப் புள்ளிகள் இருக்காது.