சான்றிதழ் பிறகு வரட்டும், பயிற்சியை இப்போதே கேளுங்கள்

இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வந்த பேச்சும் நின்றுவிட்டது. இதில் ஒன்று இருந்தாலே குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். "ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும்" என்று டாக்டரே சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.

போக வேண்டிய இடம் டி.இ.ஐ.சி., அதாவது மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் வருவது. 18 வயது வரை பரிசோதனையும், பேச்சு முதலிய வளர்ச்சிக்கான பயிற்சியும் இலவசம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரியுங்கள்.

நடமாடும் மருத்துவக் குழு வரும் என்று நம்பி உட்கார வேண்டாம். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஒரு முறையும்தான் அவர்கள் வருவார்கள். தனியார் பள்ளிப் பிள்ளை அந்தக் கணக்கிலேயே இல்லை. குழந்தைகள் நல ஓ.பி.யில் சீட்டு போட்டு, "டி.இ.ஐ.சி.க்கு எழுதிக் கொடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பேச்சு வராத குழந்தைக்கு முதலில் காது பார்ப்பார்கள். காது பரிசோதனைச் சீட்டு இல்லாமல் போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனைக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். பஸ்ஸில் தூங்கிவிட்டு அங்கே முழித்துக்கொண்டால் வேறு தேதிதான். அதிகாலையிலேயே எழுப்பி, வழியில் தூங்கவிடாமல் கூட்டிப்போங்கள்.

"மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருக்கா?" என்று கவுண்டரில் கேட்டால் அசர வேண்டாம். உதவித்தொகைக்கும் சலுகைக்கும்தான் சான்றிதழ், பயிற்சிக்குத் தேவையில்லை. மறுத்தால், மறுத்த காரணத்தை ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பல சமயம் அதற்குப் பிறகு கதவு திறந்துவிடும்.

சான்றிதழில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆட்டிசம் எவ்வளவு என்று மதிப்பிடும் இசா அளவுகோலில் 40 கேள்விகள். மொத்த மதிப்பெண் 70 வந்தால்தான் 40 சதவீதக் குறைபாடு என்று எழுதுவார்கள். பெரும்பாலான சலுகைகள் அங்கேதான் தொடங்குகின்றன. வெட்கப்பட்டோ பாசத்திலோ "அதெல்லாம் செய்வான் சார்" என்று தாய் சொல்லிவிட்டால் எண் 70-க்குக் கீழே இறங்கிவிடும். என்றோ ஒருநாள் செய்ததைச் சொல்லாதீர்கள், தினமும் தானாகச் செய்வதை மட்டும் சொல்லுங்கள். அறைக்குள் குழந்தை சமர்த்தாக உட்கார்ந்துவிடலாம்; வீட்டில் நடப்பதை இரண்டு நிமிட வீடியோவாக போனில் வைத்திருங்கள்.

கற்றல் குறைபாட்டுக்கு 8 வயதுக்கு முன் சான்றிதழ் கிடையாது. தனியார் மையம் காசு வாங்கிக்கொண்டு தரும் அறிக்கை அரசு அலுவலகத்தில் சான்றிதழாகச் செல்லாது. கவனக்குறைவு, மிகைத்துடிப்பு (ஏ.டி.எச்.டி.) 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் இல்லை. அதற்கு மட்டும் சான்றிதழ் கேட்டு அலைவது வீண். சிகிச்சையை மட்டும் கேளுங்கள்.

குழந்தைகளுக்குத் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ். முடிவு தேதியைப் பாருங்கள். அது கடந்ததும் உதவித்தொகை நின்றுபோகும், முன்கூட்டி யாரும் சொல்லமாட்டார்கள். மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கப் போங்கள். மதிப்பீட்டு அறிக்கையை மருத்துவமனையே வைத்துக்கொண்டால், கிளம்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துவிடுங்கள்.

பெரிய பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், பள்ளிக்குப் போக மறுத்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, சாக வேண்டும் என்று பேசினாலோ போனோடு நிறுத்தாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மனநல ஓ.பி. சீட்டைப் பள்ளியில் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. 2017 மனநலச் சட்டம் அந்த விவரத்தை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது.