ஊரெல்லாம் பூக்கும் இரண்டே செடிகள்

பிலிப் தீவுச் செம்பருத்தியை ஆஸ்திரேலியாவில் வீட்டுத் தோட்டங்களில் ஆசையாக வளர்க்கிறார்கள். உப்புக்காற்றைத் தாங்கும், வேலியோரம் வைத்து அவ்வப்போது கத்தரித்துவிட்டால் அடர்ந்து தழைக்கும். இளஞ்செடியின் இலைகள் ஆழமாக வெட்டுண்டிருக்கும். வளர்ந்த செடியில் வெட்டில்லாத முழு இலைகள்தான். பூ விரியும்போது வெளிர்மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு. வாடும் நேரத்தில் இதழ் முழுவதும் சிவந்துவிடும். நம் ஊர்ப் பூவரசம்பூவும் மஞ்சளாக மலர்ந்து சிவந்துதான் உதிர்கிறது. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்.

நர்சரியில் காசு கொடுத்தால் கிடைக்கிற இந்தச் செடி, ஆஸ்திரேலியச் சட்டத்தின் கீழ் மிக மோசமான அழிவு ஆபத்தில் உள்ள இனம். இயற்கையாக அது வளரும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று: பசிபிக் கடலில் நார்ஃபோக் தீவுக்குத் தெற்கே சுமார் 6 கிலோமீட்டரில் இருக்கும் பிலிப் தீவு. அங்கும் மிஞ்சியிருந்தவை இரண்டு சின்னப் புதர்கள். ஒவ்வொரு புதரிலும் பல தண்டுகள் உண்டு. ஆனால் மரபணுக்களைப் பரிசோதித்தபோது, ஒரு புதரின் தண்டுகள் எல்லாம் ஒரே செடிதான் என்று தெரிந்தது. அதாவது மிஞ்சியவை இரண்டே உயிர்கள். தோட்டங்களில் இருப்பவையும் இந்த இரண்டில் ஏதோ ஒன்றின் நகல்கள்தான்.

இந்த நகல்கள் போத்திலிருந்து, அதாவது வெட்டி நடும் கிளைத் துண்டிலிருந்து, வருபவை. ஒரு போத்தை வெட்டி மண்ணில் ஊன்றினால் என்ன நடக்கிறது? சில வாரங்களில் வெட்டுவாயில் வெள்ளையாக ஒரு தடிப்பு தோன்றும். துளிரில் உற்பத்தியாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியே கீழே இறங்கி, போக வழியில்லாமல் வெட்டுவாயில் தேங்குகிறது. பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் செல்கள் அதனால் தூண்டப்பட்டு மறுபடி பிரியத் தொடங்கி, வேராக உருவெடுக்கின்றன. ஒவ்வொரு பிரிவிலும் மரபணு முழுவதும் அப்படியே படியெடுக்கப்படுகிறது. புதிய செடி கிடைக்கிறது; புதிய உயிர் கிடைப்பதில்லை.

விதை உருவாவது வேறு வழியில். மகரந்தமும் சூல்முட்டையும் உண்டாகும்போது பெற்றோரின் மரபணுக்கள் குலுக்கிப் பிரிக்கப்பட்டு, பாதிப் பாதியாக வந்து சேர்கின்றன. அதனால் ஒரே காயில் இருக்கும் விதைகள்கூட ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒன்று வறட்சியைத் தாங்கும், இன்னொன்று பூஞ்சைக்கு ஈடுகொடுக்கும். போத்தில் பெருகிய செடிகளுக்கு இந்த வாய்ப்பு கிடையாது. ஒரு செடியை வீழ்த்தக் கற்றுக்கொண்ட பூஞ்சைக்கு மற்ற அத்தனை நகல்களும் திறந்த வீடுதான். பிலிப் தீவிலோ, இந்தச் செம்பருத்தி விதையிலிருந்து முளைத்துப் பெருகுவதற்கான அடையாளமே கிடைக்கவில்லை.

தீவை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் மனிதர்கள். 1788இல் பிரிட்டிஷார் நார்ஃபோக்கில் குடியேறிய பிறகு, இறைச்சிக்காகவும் வேட்டைக்காகவும் பிலிப் தீவில் பன்றி, ஆடு, முயல் எல்லாவற்றையும் விட்டார்கள். முளைத்த நாற்றையெல்லாம் அவை மேய்ந்து தீர்த்தன. வேர்ப்பிடிப்பு போனதும் மேல்மண் மழையில் கரைந்து கடலுக்குப் போனது. சுமார் 190 ஹெக்டேர் பரப்புள்ள எரிமலைத் தீவு, சிவப்பும் ஊதாவுமாக வெறும் மண் தெரியும் மொட்டைக் குன்றாக நின்றது.

தோட்டத்தில் இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு அதே தீவில் வளர்ந்த இன்னொரு செடியைத்தான் நான் காட்டுவேன். ஸ்ட்ரெப்லோரைசா என்ற அவரைக் குடும்பத்துக் கொடி, உலகில் வேறெங்கும் கிடையாது. ஃபெர்டினாண்ட் பாவர் என்ற ஓவியர் 1804-05இல் நார்ஃபோக் பகுதியில் தங்கித் தாவரங்களைச் சேகரித்து வரைந்தார். அவர் சேகரித்தவற்றை வைத்து அந்தக் கொடிக்கு 1833இல் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. இங்கிலாந்தின் கண்ணாடிக் குடில்களில் அதை வளர்த்தார்கள். தீவில் அது அழிந்தது, குடில்களிலும் நிலைக்கவில்லை. இன்று ஒரு கொடிகூட இல்லை. ஒரு இனத்தைத் தோட்டக்காரர்களின் விருப்பத்தை நம்பி விடுவது எனக்குச் சம்மதமில்லை.

பன்றியும் ஆடும் முன்பே ஒழிந்திருந்தன. 1980களின் பிற்பகுதியில் முயல்களையும் தீவிலிருந்து முழுமையாக அகற்றினார்கள். அந்தப் பத்தாண்டிலேயே, அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு துத்திச் செடி அங்கே மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. பசுமை திரும்புகிறது. போத்திலிருந்து வளர்த்த செம்பருத்திகளையும் தீவில் நட்டிருக்கிறார்கள். ஆனால் வெளியிலிருந்து வந்த ஆலிவ் போன்ற மரங்களும் அதே வெற்றிடத்துக்குப் போட்டியிடுகின்றன; அவற்றை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு உயிர்களை வைத்து எவ்வளவு தூரம் போகலாம்? ஒரு புதரின் மகரந்தத்தை மற்றதன் சூல்முடியில் (பூவில் மகரந்தத்தை ஏற்கும் நுனியில்) சேர்த்து விதை பிடிக்கவைத்தால், குலுக்கல் மறுபடி தொடங்கும். பிறப்பவை எல்லாம் உடன்பிறப்புகள்தான்; இரண்டு பெற்றோரிடமும் இல்லாத மரபணு வடிவம் அவற்றிடம் புதிதாக முளைத்துவிடாது. அப்படியிருந்தும் நகலைவிட அது எவ்வளவோ மேல். அதற்கு முதல் தேவை, கையிலிருக்கும் செடி எந்தப் புதரின் வழி வந்தது என்று தெரிந்திருப்பது. நர்சரித் தொட்டியில் பூவின் படத்தோடு இந்த ஒரு தகவலையும் எழுதி ஒட்டினால், வேலியோரச் செடியும் இனத்தை மீட்கும் வேலைக்கு உதவும்.