மணி அடிக்கிறது, முகம் வரவில்லை: வீடியோபோனும் வீட்டு ரவுட்டரும்

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வீடியோபோன் ஒன்றை அனுப்பி வைக்கிறார்கள். திரையும் கமராவும் ஒன்றாகப் பொருந்திய, மேசையில் வைக்கிற தொலைபேசி. வயரைச் செருகியதும் விளக்கு எரிகிறது. பதிவாகிவிட்டது என்று திரை சொல்கிறது. அழைப்பு வந்தால் மணியும் அடிக்கிறது. எடுத்தால் கறுப்புத் திரை. சில வீடுகளில் அங்கே இருப்பவர்களுக்கு எங்களைத் தெரிகிறது, எங்களுக்குத்தான் அவர்களைத் தெரிவதில்லை. உடனே எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "லைன் ஸ்லோ, பெரிய பக்கேஜ் போடுங்கோ." திருகோணமலையில் பல வீடுகளில் இதைப் பார்த்துவிட்டேன். மாதக் கட்டணம் கூடியதுதான் மிச்சம், படம் வந்தபாடில்லை. இந்தக் கோளாறில் பெரும்பாலானவை வேகத்தால் வருவதில்லை, முகவரியால் வருகின்றன.

இணையத்தில் ஒரு கருவியை இனங்காட்டுகிற எண்ணுக்கு ஐபி முகவரி என்று பெயர். இன்றைக்கும் பரவலாகப் புழங்குகிற வகை 32 பிட் நீளமானது. அந்த நீளத்துக்குள் சுமார் 430 கோடி முகவரிகள்தான் அடங்கும். இது போதாது என்பது தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1994இல் அதற்கு ஒரு வழி முன்வைக்கப்பட்டது: ஒரு கட்டடத்தில் உள்ள எல்லாக் கணினிகளும் ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்துகொள்ளட்டும், உள்ளே மட்டும் தனித்தனி முகவரி வைத்துக்கொள்ளட்டும். அந்த முறைக்கு நேட் என்று பெயர். உள்ளே பாவிப்பதற்கென்று அதே ஆண்டில் சில தொகுதிகளை ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டரில் பார்க்கிற 192.168 என்று தொடங்கும் எண்கள் அவற்றில் ஒன்று. திருகோணமலையில் உப்புவெளியிலும் அதே எண் இருக்கும், ஓர்ஸ்ஹில்லிலும் இருக்கும், ரொறன்ரோவிலும் இருக்கும். வீட்டுக்கு வெளியே அந்த எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை. 2011 பெப்ரவரியில் உலக அளவிலான கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் பங்கிடப்பட்டுவிட்டன. அதற்குப் பிறகு நேட் இல்லாமல் வீட்டு இணைப்பை நினைத்துப் பார்க்கவே முடியாது என்றாகிவிட்டது.

நேட் வேலை செய்யும் விதம் எளிமையானது. உங்கள் கைத்தொலைபேசி ஒரு இணையத்தளத்தைக் கேட்கும்போது, ரவுட்டர் தன் அட்டவணையில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது: உள்ளே இருக்கிற இந்த முகவரி, இந்த போர்ட் (ஒரு முகவரியில் இருக்கிற எண்ணிட்ட வாசல்) வழியாக, வெளியே இன்னாரிடம் போனது. பதில் வந்ததும் அந்த வரியைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. யாரும் கேட்காமல் வெளியில் இருந்து ஒரு பொதி, அதாவது தரவின் சின்னத் துண்டு, வந்தால் அட்டவணையில் அதற்கு வரி இல்லை. ரவுட்டர் அதைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். செய்தி வாசிக்கவும் படம் பார்க்கவும் இது போதும், ஏனென்றால் அங்கே எப்போதும் நாங்கள்தான் முதலில் கேட்கிறோம். தொலைபேசி அப்படி இல்லை. யார் எப்போது அழைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

சரி, அப்படியென்றால் மணி மட்டும் எப்படி அடிக்கிறது? வீடியோபோனுக்கு இரண்டு வேறு பாதைகள் உண்டு. அழைப்பை ஏற்படுத்துவதும் முடிப்பதும் எஸ்ஐபி என்ற நெறிமுறையின் வேலை. இப்போதும் பாவிக்கப்படுகிற அதன் வடிவம் 2002இல் வந்தது, வழமையான போர்ட் 5060. மின் கொடுத்த உடனேயே கருவி தன் சேவையகத்தைத் தானாகவே தொடர்புகொண்டு "நான் இங்கே இருக்கிறேன்" என்று பதிந்துகொள்கிறது. அந்த வாசல் உள்ளிருந்து திறந்தது. ஆகவே மணிக்கான செய்தி அந்த வழியே தாராளமாக உள்ளே வரும். படமும் குரலும் அந்தப் பாதையில் வருவதில்லை. அவை ஆர்டிபி என்ற இன்னொரு முறையில், யூடிபி பொதிகளாக (போய்ச் சேர்ந்ததா என்று காத்திராமல் அனுப்புகிறவை), பெரும்பாலும் சேவையகத்தைத் தொடாமல் ஒரு வீட்டில் இருந்து மறு வீட்டுக்கு நேரே ஓடும். எந்த முகவரிக்கு ஓட வேண்டும் என்பதை மணி அடிக்கிற நேரத்தில் இரண்டு கருவிகளும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும்.

வினை இங்கேதான் வருகிறது. அந்தச் செய்தியைத் திறந்து பார்த்தால், "உன் படத்தை 192.168.1.25க்கு, 40000ஆம் போர்ட்டுக்கு அனுப்பு" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். கருவிக்குத் தெரிந்த முகவரி அது ஒன்றுதான். பாவம், அது வேறெதைச் சொல்லும்? செய்தி வெளியே போகும்போது ரவுட்டர் உறையின் மேல் இருக்கிற அனுப்புநர் முகவரியை மாற்றி எழுதுகிறது. ஆனால் உறைக்குள் இருக்கிற கடிதத்தில் பழைய முகவரி அப்படியே கிடக்கிறது. ரொறன்ரோவில் இருக்கிற கருவி கடிதத்தை நம்பி 192.168.1.25க்குப் படத்தை அனுப்பும். அது அந்த வீட்டு எல்லையைக் கூடத் தாண்டாது. எதிர்ப்பக்கத்தில் முகவரி சரியாக இருந்தால் எங்கள் படம் மட்டும் அங்கே போய்ச் சேரும். ஒருவழிப் படத்தின் கதை இதுதான்.

உப்புவெளியில் ஒரு வீட்டில் இதன் வலியைக் கண்ணால் பார்த்தேன். அந்த அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேளாது. தம்பி ரொறன்ரோவில். இருவரும் சைகையில்தான் கதைப்பார்கள். மற்ற வீடுகளில் படம் வராவிட்டாலும் குரலைக் கேட்டு ஆறுதல் அடையலாம். அந்த வீட்டில் கறுப்புத் திரை என்றால் பேச்சே இல்லை. அக்காவின் கை அசைவதைத் தம்பி பார்க்கிறார், பதிலும் சொல்கிறார், அக்காவுக்கு அது தெரியவில்லை. வீடியோபோனை ஆடம்பரப் பொருள் என்று நினைப்பவர்கள் இப்படி ஒரு வீட்டை யோசித்துப் பார்க்க வேண்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1999இலேயே சைகை மொழி உரையாடலுக்கென்று தனி ஆவணம் வெளியிட்டது. செக்கனுக்கு 20 படங்களாவது ஓடினால்தான் விரல் அசைவு தெளிவாகப் பிடிபடும். அதைவிடக் குறைந்தால் சொற்கள் உதிரத் தொடங்கும்.

அந்த வீட்டில் ரவுட்டரின் உட்பக்கத்தைத் திறந்தேன். உலாவியில் 192.168.1.1 என்று அடித்தால் பல ரவுட்டர்கள் கதவைத் திறக்கும். சில 4ஜி பெட்டிகளுக்கு 192.168.8.1. கடவுச்சொல் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். நான் முதலில் பார்ப்பது "வான்" என்று குறித்திருக்கிற வெளிமுகவரியை. அதை, உங்கள் ஐபி என்ன என்று காட்டுகிற ஏதாவது ஒரு இணையத்தளம் சொல்லும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. அங்கே ஒன்றாக இல்லை. வெளிமுகவரி என்ற இடத்திலும் 192.168 என்றே இருந்தது. காரணம், பைபர் இணைப்போடு வந்த பெட்டிக்குப் பின்னால், வைபை நன்றாக எடுக்கட்டும் என்று கடையில் வாங்கிய இன்னொரு ரவுட்டரையும் பூட்டியிருந்தார்கள். இரண்டு பெட்டிகளும் தனித்தனியே நேட் செய்தன. இரண்டாவது பெட்டியை அக்சஸ் பாயிண்ட் நிலைக்கு மாற்றியதும் அது வெறும் வைபை கொடுக்கிற பெட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் மற்ற வேலைகளில் கை வைக்க முடிந்தது.

அந்த வேலைகளில் முதலாவது, வீடியோபோனுக்கு மாறாத உள்முகவரி கொடுப்பது. ரவுட்டர் தானாகப் பங்கிடுகிற முகவரிகள் மின்வெட்டுக்குப் பிறகு மாறிப் போகலாம். நேற்று 25 என்று இருந்த கருவி இன்றைக்கு 31 ஆகியிருக்கும். முகவரி பங்கிடுகிற டிஎச்சிபி பக்கத்தில் கருவியின் மேக் முகவரியை (தயாரிக்கும்போதே அதற்குக் கொடுத்த எண்) கொடுத்து ஒரு எண்ணை ஒதுக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம் போர்ட் ஃபார்வர்டிங். வெளியில் இருந்து இன்ன போர்ட்டுகளுக்கு வருவதை எல்லாம் இந்த உள்முகவரிக்குக் கொடு என்று ரவுட்டரின் அட்டவணையில் நிரந்தரமாக எழுதி வைப்பது. எந்தெந்த போர்ட் என்பது கருவியின் கையேட்டில் இருக்கும், கருவிக்குக் கருவி அது வேறுபடும். கருவியின் அமைப்புகளிலும் "வெளிமுகவரி" அல்லது "ஸ்டன் சேவையகம்" என்ற இடத்தை நிரப்ப வேண்டும். ஸ்டன் என்பது 2003இல் வந்த ஒரு சின்ன உபாயம். கருவி வெளியே இருக்கிற ஒரு சேவையகத்திடம் "நான் எந்த முகவரியில் இருந்து வருவது போல் தெரிகிறேன்?" என்று கேட்டு, வந்த பதிலையே கடிதத்துக்குள் எழுதிவிடும். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. சிக்கலை உண்டாக்கிய இடத்திலேயே போய் அதை அவிழ்க்கிறது.

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிடுகிற டிஎம்சட் என்ற வசதியும் ரவுட்டரில் உண்டு. சிலர் அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள். வேண்டாம். 5060ஐத் தேடி இணையம் முழுக்கத் தானியங்கி நிரல்கள் அலைந்துகொண்டே இருக்கின்றன. நடுச்சாமத்தில் 100, 1000 போன்ற எண்களில் இருந்து அழைப்பு வருகிறது, எடுத்தால் ஆளில்லை என்றால் அவைதான் தட்டிப் பார்க்கின்றன. கருவியில் "பதிந்த சேவையகத்தின் அழைப்பை மட்டும் ஏற்றுக்கொள்" என்ற தேர்வு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். தொழிற்சாலைக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

பல ரவுட்டர்களில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு தேர்வு முன்கூட்டியே இயங்கிக்கொண்டிருக்கும். உறைக்குள் இருக்கிற முகவரியையும் ரவுட்டரே திருத்திக் கொடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. நடைமுறையில் அரைகுறையாகத் திருத்தி, கருவி ஸ்டன் மூலம் சரியாக எழுதியதையும் கெடுத்துவிடுவதுண்டு. அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். உப்புவெளி வீட்டில் தம்பியின் முகம் திரையில் வந்தது இதை நிறுத்திய பிறகுதான்.

வாட்ஸ்அப்பில் மட்டும் எந்த அமைப்பும் இல்லாமல் படம் வருகிறதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த மாதிரிச் செயலிகள் இரண்டு பக்கமும் உள்ளிருந்து ஒரே நேரத்தில் வாசலைத் திறக்கச் செய்து நேர்ப்பாதையை முயன்று பார்க்கின்றன. முடியாவிட்டால் நடுவில் இருக்கிற தங்கள் சொந்தச் சேவையகத்தின் வழியே படத்தைக் கடத்திவிடுகின்றன. இப்படிக் கடத்துவதற்கான பொது முறைக்கு டேர்ன் என்று பெயர். உங்கள் வீடியோபோனுக்குச் சேவை கொடுப்பவர் டேர்ன் வசதி தந்தால் போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் தேவைப்படாது.

4ஜி ரவுட்டர் வைத்திருக்கிற வீடுகளுக்கு இது மிக முக்கியம். நிலாவெளிப் பக்கமும் மூதூரிலும் வயர் வராத வீடுகளில் அதுதான் கைகொடுக்கிறது. வெளிமுகவரி 100.64இல் இருந்து 100.127 வரையான எண்களில் தொடங்கினால், இணைப்புத் தருகிற கம்பனியே தன் பக்கத்தில் இன்னொரு நேட் வைத்திருக்கிறது என்று பொருள். அந்தத் தொகுதியை 2012இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் இதே நிலைதான். அங்கே உங்கள் பெட்டியில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை, மேலே இருக்கிற பூட்டு கம்பனியின் கையில். பொதுமுகவரி தர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம், அல்லது டேர்ன் உள்ள சேவைக்கு மாறலாம்.

இனி வேகம். அதிலும் நீங்கள் பார்க்க வேண்டியது இறக்கும் வேகத்தை அல்ல, ஏற்றும் வேகத்தையும் தாமதத்தையும். இங்கிருந்து ரொறன்ரோ நேர்கோட்டில் ஏறக்குறைய 13,900 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடும். ஆகவே ஒருவழிக்கே 70 மில்லிசெக்கன் போய்விடும். கேபிள்கள் நேர்கோட்டில் கிடப்பதில்லை. கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கொழும்பு, மாத்தறைப் பக்கம் என்பதால், கிழக்குக் கரையில் இருக்கிற எங்கள் பொதிகள் முதலில் நாட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். 150 மில்லிசெக்கனுக்கு மேல் போனால் உரையாடலில் இடறல் தெரியத் தொடங்கும் என்பது தொலைபேசித் துறையின் கணக்கு. ஆக, வீட்டுக்குள் வீணாக்க எங்களிடம் மிச்சம் இல்லை.

ஆனால் வீட்டுக்குள்தான் பெரும் தாமதம் உண்டாகிறது. ஏற்றும் வேகம் செக்கனுக்கு 1 மெகாபிட் என்று வையுங்கள். ரவுட்டரில் 256 கிலோபைட் அளவுக்குப் பொதிகள் காத்திருக்க இடம் உண்டு. யாரோ ஒருவரின் கைத்தொலைபேசி கோயில் திருவிழாப் படங்களைப் பின்னணியில் மேலேற்றத் தொடங்கியதும் அந்த இடம் நிரம்பிவிடும். அது வடிந்து முடிய இரண்டு செக்கன் எடுக்கும், உங்கள் வீடியோப் பொதியும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். கியூஓஎஸ் அல்லது எஸ்கியூஎம் என்ற அமைப்பில் வீடியோபோனுக்கு முன்னுரிமை கொடுத்து, மொத்த ஏற்றும் வேகத்தை உண்மையான அளவில் 90 வீதத்துக்குக் குறைத்து வைத்தால் வரிசை கம்பனியின் பெட்டியில் சேராமல் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். வேகத்தைக் குறைத்தால் படம் நன்றாக வரும் என்றால் நம்ப மாட்டார்கள். செய்து காட்டினால் நம்புவார்கள்.

வைபையை விட வயர் நல்லது. கருங்கல்லாலோ கொங்கிறீற்றாலோ கட்டிய பழைய வீடுகளில் இரண்டு சுவர் தாண்டினாலே அலை மெலிந்துவிடும். கடற்கரை ஓரத்து வீடுகளில் உப்புக்காற்று வயர் முனையின் உலோகத்தை அரித்துவிடுகிறது. முனையைக் கழற்றி, பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் நீங்கள் அழைத்துப் பார்த்து, படம் வருகிறது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். நீங்கள் அழைக்கும்போது வாசல் உள்ளிருந்து திறக்கிறது, அது சோதனையே அல்ல. ரவுட்டரையும் கருவியையும் நிறுத்தி மறுபடி போட்டு, அரை மணி நேரம் தொடாமல் விட்டு, அங்கே இருப்பவரை அழைக்கச் சொல்லுங்கள். மணியே வராவிட்டால், பதிவுக்கான வாசலை ரவுட்டர் மறந்துவிட்டது என்று பொருள். யூடிபிக்கு எழுதிய வரியை இரண்டு நிமிடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2007இல் விதி எழுதியும் பல ரவுட்டர்கள் அதற்கு முன்பே அழித்துவிடுகின்றன. கருவியில், வாசல் மூடாமல் இருக்க இடையிடையே செய்தி அனுப்புகிற கீப்-அலைவ் என்ற இடத்தில் 20 செக்கன் என்று போட்டுவிட்டு, மறுபடி அரை மணி நேரம் விட்டு அழைக்கச் சொல்லுங்கள். ரொறன்ரோ கோடையில் எங்களுக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். அதைக் கணக்குப் பார்த்து மாலை ஆறு மணிக்குப் பிறகு இந்தச் சோதனையை வைத்தால் அங்கே விடிந்திருக்கும்.