எபோலாவை மடக்கும் 21 நாள் கணக்கு

எபோலா என்றதும் தலைமுதல் கால்வரை மூடிய மஞ்சள் உடைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் நோயை நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதி, கையில் ஒரு நோட்டோடு வீடு வீடாக அலைகிறவர்கள் செய்வது.

1976-இல் இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் யம்புக்கு கிராமத்தில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டபோது 318 பேரைப் பிடித்து 280 பேரைக் கொன்ற வைரஸ் இது. இவ்வளவு கொடூரத்துக்கும் நடுவில் அதற்கு ஒரு பலவீனம் உண்டு: அறிகுறி தெரியும்வரை அது அடுத்தவருக்குத் தொற்றாது. கொரோனாவிடம் நாம் திணறியதே இந்த இடத்தில்தான். தவிர, எபோலா ஒட்ட வேண்டுமானால் ரத்தம், வாந்தி, பேதி போன்றவை மேலே பட வேண்டும்.

உள்ளே போன வைரஸ் காய்ச்சலாக வெளிப்பட 2 முதல் 21 நாள் ஆகும். அதனால் ஒருவருக்கு நோய் உறுதியானதும், காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து அவரைத் தொட்டுத் தூக்கியது யார், துணி துவைத்தது யார், ஊசி போட்டது யார் என்று துருவித் துருவிக் கேட்டுப் பட்டியல் எடுப்பார்கள். அதிலுள்ள ஒவ்வொருவரையும் 21 நாள், தினமும், போய்ப் பார்க்க வேண்டும். வாசலில் தள்ளி நின்று காய்ச்சல் பார்ப்பது, தலைவலி, வாந்தி உண்டா என்று கேட்பது, அவ்வளவுதான். சூடு ஏறினால் அன்றைக்கே தனிமை. நோய் முற்ற முற்றத்தான் உடம்பில் வைரஸ் பெருகும் என்பதால், முதல் நாளே பிரித்துவிட்டால் அவரால் யாருக்கும் பெரிதாக ஆபத்தில்லை.

சரி, ஒருவரைக்கூட விடாமல் பிடிக்க முடியுமா? பிடிக்கத் தேவையில்லை. ஒரு நோயாளி சராசரியாக 2 பேருக்குக் கொடுப்பார் என்றால், அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே தடுத்தாலே சங்கிலி சுருங்கத் தொடங்கிவிடும். ஆனால் தப்பிய அந்த ஒருவர் எங்கே போய் நிற்பார் என்பது சராசரியில் தெரியாது.

2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து நோயோடு ஒருவர் நைஜீரியாவின் லாகோஸில் வந்து இறங்கினார். மருத்துவர் அமேயோ அடாடெவோ எபோலாவோ என்று சந்தேகப்பட்டு, விட்டுவிடச் சொல்லி வந்த அழுத்தத்துக்கு மசியாமல் அவரை மருத்துவமனையிலேயே நிறுத்திவைத்தார். அந்த நோய்க்கே அந்த மருத்துவரும் பலியானார். போலியோ ஒழிப்புக்கென்று இருந்த ஆட்களும் ஏற்பாடும் அப்படியே எபோலா பக்கம் திரும்பின. பட்டியலில் இருந்த ஒருவர் மட்டும் போர்ட் ஹார்கோர்ட்டுக்கு நழுவி, ஓட்டல் அறையில் ரகசியமாகச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். சிகிச்சை கொடுத்த மருத்துவர் இறந்துபோனார். கடைசியில் கண்காணித்த கிட்டத்தட்ட 900 பேரில் பாதிக்கும் மேல் அந்த ஊர்க்காரர்கள்தான்! 18,500 முறை நேரில் போய்ப் பார்த்து, 20 நோயாளிகள், 8 மரணங்களோடு நிறுத்தினார்கள்.

இறந்த உடலில் வைரஸ் உச்சத்தில் இருக்கும். 2014-16-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் அடித்த எபோலா அலையில், குளிப்பாட்டி, தொட்டு அழுது அனுப்புகிற சடங்கு அதனால்தான் புதிய சங்கிலிகளைத் தொடங்கிவைத்தது. உடலைப் பிடுங்கிக்கொண்டு போனால் குடும்பங்கள் நோயாளியையே ஒளித்துவைத்துவிடும் என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அப்புறம் உறவினர்கள் எட்ட நின்று பார்க்கவும் பிரார்த்திக்கவும் இடம்விட்டு அடக்கம் செய்தார்கள்.

2015-இல் கினியில் சோதித்த தடுப்பூசியும் இந்தப் பட்டியலை நம்பித்தான் இருக்கிறது. ஊருக்கே போடாமல், நோயாளியின் தொடர்புகளுக்கும் அவர்களுடைய தொடர்புகளுக்கும் வளையம்போலப் போடுவார்கள். எபோலாவின் ஜயர் வகைக்கு மட்டுமே அது வேலை செய்யும்.

கடைசி நோயாளி குணமாகி 42 நாள், அதாவது இரண்டு 21, புதிதாக யாருக்கும் வராவிட்டால் முடிந்தது என்று அறிவிப்பார்கள். ஆனால் குணமானவரின் விந்தில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கலாம். 2021-இல் கினியில் மறுபடி எபோலா வந்தபோது மரபணுவைப் பார்த்தார்கள்: 2014-16 அலையின் அதே வைரஸ், யாரோ ஒருவர் உடம்பில் ஐந்து வருடத்துக்கும் மேலாகப் பதுங்கியிருந்ததுபோலத்தான் தெரிந்தது.